முறைக்காய்ச்சல் கண்ட மோட்டார் வண்டி

எறையூர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் வாசகருள் பலருக்கு உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து எறையூர்தான் நினைவுக்கு வரும். நாம் இங்கே குறிப்பிடுவது அவ்வூரன்று. பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் இது. சர்க்கரை ஆலை எறையூர் என்று கேட்டால் வழியில் ஆடு மேய்ப்பவரும் திசை காட்டுவார். அரவைக் காலம் வந்துவிட்டால் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் ஆலையை நோக்கி வரிசையாகச் செல்வது இவ்வூரார்க்குப் பழகிய காட்சி. அண்மை ஆண்டுகளில் சிப்காட் தொழிற்பூங்காவும் வந்துவிட்டமையால் புதுப்புது வண்டிகள் சாலையில் பறக்கின்றன. அவற்றுக்கிடையே நம் வீட்டு அம்பாசடரும், முதியவர் ஒருவர் கைத்தடி ஊன்றி நடப்பதைப் போல, ஓரமாக ஊர்ந்து வரும்.

அது 1985ஆம் ஆண்டு வண்டி, தந்தையார் வாங்கியது. 1489 கன செண்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுபோயிற்று. அதன்பின் விற்றுவிடுங்கள் என்று சொல்லாத உறவினர் இல்லை. விற்க மனம் வரவில்லை. அந்த வண்டியில் மணக்கோலத்தில் வந்திறங்கியவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள்.

இவ்வண்டிக்கு 2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நோய் கண்டது. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே உயிர் பெறும். மாலையிலும் அவ்வாறே. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ, முன்னறிவிப்பு ஏதுமின்றி, ‘டக்’ என்ற ஓர் ஒலியோடு வாய் மூடிக்கொள்ளும். செல்ஃப் எடுக்காது. நான்கு பேர் கூடித் தள்ளினால் ஓடும். சில வேளைகளில் தள்ளத் தொடங்கி இரண்டடி நகர்ந்ததுமே சாவிக்கும் பணிந்துவிடும். மெக்கானிக்கை அழைத்து வந்து நிறுத்தினாலோ, ஒரு குற்றமும் அறியாதது போல, முதல் திருப்பிலேயே சீராக ஓடிக்காட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சலை முதியோர் அறிவர். காய்ச்சல் விட்டிருக்கும் நாளில் நோயாளி எழுந்து நடமாடுவார். பார்ப்பவர், இவருக்கா நோய் என்று கேட்பர். நம் வண்டியின் நிலையும் அதுவே.

எப்போதும் ஓடாத வண்டியைச் சரிசெய்வது எளிது. எப்போதாவது ஓடாத வண்டி ஊரையே மருத்துவராக்கிவிடும். பேட்டரிதான் என்றார் ஒருவர். புதுப் பேட்டரி வாங்கினோம். பன்னிரண்டு நாள் வண்டி ஒழுங்காக ஓடிற்று. நோய் தீர்ந்ததென்று மகிழ்ந்தோம். பதின்மூன்றாம் நாள் அதே ‘டக்’. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி அனுப்பி பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றினோம். அதற்கும் ஒரு வாரம் மரியாதை காட்டிற்று. பிறகு சாவிச் சுவிட்சு மாற்றப்பட்டது. ஒவ்வொரு முறை உதிரிப் பாகம் மாற்றும்போதும் நோய் சிலநாள் விலகி நிற்பதும், அதைக் கண்டு நாம் ஏமாறுவதுமாகப் பணம் கரைந்தது.

பெட்ரோலின் மீதும் பழி விழுந்தது. இவ்வூரில் அதற்கு ஒரு தனிச் சுவையுண்டு. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் மொலாசஸ் என்ற கழிவுப்பாகிலிருந்து எத்தனால் வடிக்கிறார்கள். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. “நம் வயல் கரும்பே நம் வண்டியைக் கெடுக்கிறது” என்று கரும்பு விவசாயி ஒருவரே நம்மிடம் வேடிக்கையாகச் சொன்னார். இதில் உண்மை அறவே இல்லையென்று தள்ளுவதற்கில்லை. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும், பெட்ரோல் பம்பிலுள்ள சவ்வும் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. நாளடைவில் ஊதும், வெடிக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். அளவு மீறினால் நீரோடு கூடி டாங்கின் அடியில் தங்கிவிடும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் குழாய்களை மாற்றிக்கொள்வது நல்லது. ஆனால் பெட்ரோல் கெட்டால் எஞ்சின் சுற்றியும் பற்றாமல் போகலாமேயன்றி, சுற்றவே மறுக்குமா? இந்தச் சிறு கேள்வியை அப்போது நாம் எவரும் கேட்கவில்லை.

ஐப்பசி மாத மழையிரவு ஒன்றில் பெரியம்மாவுக்கு மூச்சு முட்டிற்று. ஓட்டுநர்த் தம்பியை எழுப்பினோம். அவர் ஓடிவந்து சாவியைத் திருப்பினார், ‘டக்’. மீண்டும் திருப்பினார், ‘டக்’. வாசலோ சேறு, தள்ளினால் நகரவில்லை. பெரியம்மா பின்னிருக்கையில் வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். இறுதியில் அண்டை வீட்டாரின் பால் வண்டியில் பாய் விரித்துப் படுக்கவைத்துப் பெரம்பலூர் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். பிழைத்துக்கொண்டார். ஆயினும் அரைமணி நேரம் தாழ்த்தியதைப் பற்றி அங்கிருந்த மருத்துவர் சொன்ன சொற்கள் இன்றும் நம் காதில் உள்ளன.

வீடு திரும்பியதும் நம் கோபம் முழுவதும் ஓட்டுநர்மேல் பாய்ந்தது. இரவில் விளக்கை அணைக்காமல் விட்டு பேட்டரியைத் தீர்த்திருப்பார் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னோம். அவர், “ஐயா, விளக்கு நன்றாகவே எரிந்தது. செல்ஃப் எடுக்காத நாளெல்லாம் சோக் கம்பி சுடுகிறது; முன்பே சொன்னேனே” என்றார். செல்ஃப் எடுக்காததற்கும் சோக் கம்பிக்கும் என்ன உறவு? சாக்குச் சொல்கிறார் என்றே எண்ணினோம். அவர் வேறொன்றும் பேசாமல் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

இதன் பின்னரே, கரும்பு லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் நெடுங்காலம் எலக்ட்ரிக் வேலை பார்த்த முதியவர் ஒருவரை நாடினோம். அவர் வந்த அன்றும் வண்டி முதல் திருப்பிலேயே ஓடிற்று. அவர் பானெட்டைத் திறக்கவும் இல்லை. “காய்ச்சல் இல்லாத நேரத்தில் கைபிடித்துப் பார்த்து என்ன பயன்? ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த நாள், எந்த நேரம், வண்டி எவ்வளவு நேரம் நின்றிருந்தது, எஞ்சின் சூடா குளிரா, மழையா வெயிலா, என்ன சத்தம் கேட்டது, எல்லாம் எழுதுங்கள். அடுத்த முறை நின்றால் ஒருவரும் தள்ளக் கூடாது. தள்ளினால் தடயம் அழிந்துபோகும்” என்றார்.

பிறகு திண்ணையில் அமர்ந்து அவர் விளக்கியதை வாசகர்க்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

‘வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுற்றாதது ஒன்று. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளாதது மற்றொன்று. முன்னதில் பேட்டரி, கேபிள், சாலினாய்டு, செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைத் தேடவேண்டும். பின்னதில் தீப்பொறியையும் பெட்ரோலையும் தேடவேண்டும். இதைப் பிரிக்காமல் எதைக் கழற்றினாலும் இருட்டறையில் ஊசி தேடுவதாகவே முடியும்.

இரண்டாவது வகை நம் கோடையில் மிகுதி. உச்சி வெயிலில் ஓடிவந்து பத்து நிமிடம் நிறுத்திய வண்டி மறுபடி பற்றாது. அரைமணி கழித்துப் பற்றும். எஞ்சின் நின்றபின் அதன் வெப்பம் மேலெழுந்து பெட்ரோல் பம்பையும் கார்புரேட்டரையும் சுடவைக்க, உள்ளே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடுகிறது. பம்பு திரவத்தைத் தள்ளுமேயன்றி ஆவியைத் தள்ளாது. பழைய டாக்சிக்காரர்கள் பம்பின்மேல் ஈரத்துணி போடுவதன் காரணம் இதுதான். ஆனால் காயிலும் கண்டென்சரும் பழுதாகத் தொடங்கினாலும் சூட்டில் செத்து, ஆறியபின் உயிர்த்தெழும். வெளிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பிரித்தறிய வழி உண்டு. காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் தடித்த ஒயரின் முனையை, ரப்பர்ப் பிடியிட்ட இடுக்கியால் பிடித்து, எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலத் தொலைவில் வைத்து, மற்றொருவரைச் சாவி திருப்பச் சொல்லவேண்டும். நீலப்பொறி ‘பட் பட்’ என்று தாவினால் பொறியில் குற்றமில்லை, பெட்ரோலைப் பாருங்கள். பொறி மங்கிச் சிவந்திருந்தாலோ, இல்லாதிருந்தாலோ, பாயிண்டையும் கண்டென்சரையும் காயிலையும் பாருங்கள். நம் எஞ்சினுக்குப் பாயிண்டு இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அருகே பெட்ரோல் சிந்தியிருந்தால் இச்சோதனையைக் கனவிலும் செய்யலாகாது.

நம் நோய் முதல் வகை. இங்கேதான் முதியவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இரவில் முன்விளக்குகளும் மற்றவையும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்சாரம் குடிக்கும். செல்ஃப் மோட்டாரோ 150 ஆம்பியரையும் தாண்டிக் கேட்கும். கேபிள் முனையில் பச்சைக்களிம்பு படிந்து, ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்வோம். விளக்குக்குச் செல்லும் மின்சாரத்தில் அரை வோல்ட்டு குறையும், கண்ணுக்கே தெரியாது. செல்ஃபுக்குச் செல்வதில் ஏழரை வோல்ட்டு அங்கேயே தின்னப்பட்டுவிடும். 12 வோல்ட்டில் எஞ்சியதைக் கொண்டு மோட்டார் சுற்றுவது எங்ஙனம்? வாய்க்காலில் சிறு அடைப்பு இருந்தாலும் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் பாயும். கரும்புத் தோட்டம் காயும். விளக்கு எரிகிறதே, ஆகையால் மின்சாரம் வருகிறது என்று முடிவுகட்டுவோர் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

எனவே சாவியைத் திருப்பும்போது விளக்கு எப்படியாகிறது என்று பாருங்கள், என்றார். விளக்கு அடியோடு மங்கினால், பேட்டரி வலுவிழந்திருக்கலாம், அதன் முனை பிடிப்பற்றிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். ஓய்விலிருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டு காட்டும். 12 என்றால் ஏறக்குறையத் தீர்ந்த கணக்கு. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கலாகாது. விளக்கு சற்றும் மங்காமல் பளிச்சென்றே நின்றால், மோட்டாருக்கு மின்சாரம் போய்ச் சேரவேயில்லை, அல்லது போனது திரும்பி வர வழியில்லை.

திரும்பி வரும் வழி! நாம் நினைத்தும் பாராத ஒன்று. பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியே மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம், எஞ்சினின் இரும்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பவேண்டும். ஆனால் எஞ்சின், அதிர்ச்சி தாங்கும் ரப்பர்க் கட்டைகளின்மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலின் எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் இணைக்கச் செப்புக் கம்பிகளால் பின்னிய பட்டை ஒன்றைப் போட்டிருப்பார்கள். எர்த்துப் பட்டை என்பர். கண்ணில் படாத இடத்தில் சேறும் எண்ணெயும் பூசிக் கிடக்கும் அதை எவரும் மதிப்பதில்லை.

இங்கே சிறிது விலகிச் செல்ல வாசகர் பொறுத்தருள்க. செல்ஃப் மோட்டார் வருமுன் எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றித்தான் எழுப்பினார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள் என்று தந்தையார் நமக்குக் கற்பித்ததுண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்மோட்டார், 1912ஆம் ஆண்டு காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றபின் அந்த ஆபத்து படிப்படியாக ஒழிந்தது. நம் சென்னைப் பாடியில் 1961ஆம் ஆண்டு தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் இம்மோட்டார்களை இந்திய வண்டிகளுக்குச் செய்து தரலாயிற்று. கை முறியும் கவலை தீர்ந்ததோடு, கம்பி அறும் கவலை தொடங்கிற்று எனலாம்.

நோட்டுப் புத்தகம் மூன்று வாரம் நிரம்பிற்று. சூடு, குளிர், காலை, மாலை எதோடும் நோய்க்கு உறவில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது. மேடுபள்ளமான வயல் சாலையில் போய்வந்த பின்னரே நோய் பெரும்பாலும் கண்டது என்பதும் தெரிந்தது. கார்த்திகையில் ஒருநாள் சந்தைக்குப் புறப்படுகையில் வண்டி நின்றது. ஒருவரையும் தொடவிடவில்லை. விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பினோம். ‘டக்’. விளக்கு இம்மியும் மங்கவில்லை. மீண்டும் சில நொடி திருப்பிப் பிடித்தபின், மனத்தில் ஏதோ உறுத்த, சோக் கம்பியைத் தொட்டோம். கை சுட்டது.

அக்கணமே அந்த மழையிரவு கண்முன் வந்தது. நாம் அங்கேயே வெட்கி நின்றோம்.

முதியவருக்குப் போன் செய்தோம். அவர் வந்து சேரும் வரை வண்டி அசையாமல் காத்தது. பிற வண்டியின் பேட்டரியோடு இணைக்கப் பயன்படும் தடித்த கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த்து முனையிலும், மறு முனையை எஞ்சினின் வெற்றிரும்பிலும் கவ்வவைத்தார். கியர் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்தபின் சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் ஒரே உறுமலில் எழுந்தது. நிறுத்தினோம். கேபிளை எடுத்ததும் மீண்டும் ‘டக்’. மூன்று முறை இவ்வாறு செய்து காட்டியபின் மல்டிமீட்டரை எடுத்தார். எஞ்சினுக்கும் பேட்டரியின் எர்த்து முனைக்கும் இடையே, சாவி திருப்பும் வேளையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டலாகாது. காட்டியது 9. வண்டிக்கு அடியில் படுத்து ஒரு குச்சியால் பட்டையை அசைத்தார். எண் இறங்கிற்று, ஏறிற்று.

கழற்றிப் பார்த்தோம். வெளியே முழுமையாகத் தோன்றிய பட்டை, முனைத்தகட்டின் அடியில் பச்சைத் தூளாகி, இழைகள் பெரும்பாலும் அறுந்து, சிலவே ஒட்டிக்கொண்டிருந்தன. எஞ்சின் ஆடி அமரும் நிலையைப் பொறுத்து அவை தொடும், விலகும். தள்ளினால் செல்ஃப் எடுத்ததற்கும், புதுப் பேட்டரி பன்னிரண்டு நாள் ஓடியதற்கும் விளக்கம் வேறில்லை. ‘டக்’ என்ற ஒலியோ சாலினாய்டின் ஒலி. நம் வண்டியில் அது உடம்புத் தகட்டில் பொருத்தப்பட்டிருப்பதால், எஞ்சினின் எர்த்து அறுந்தாலும் தன் கடமையைச் செய்து, ஓசையிட்டு, அனைவரையும் திசை திருப்பியிருக்கிறது. திரும்பி வர வழி தேடிய மின்சாரம், எஞ்சினுக்கும் உடம்புக்கும் இடையே மிஞ்சியிருந்த மெல்லிய இரும்பான சோக் கம்பியில் நுழைந்திருக்கிறது. மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு அதன் வழியே போகமுடியாது. கம்பியைச் சுடவைக்கும் அளவுக்குப் போகும்.

துருவைச் சுரண்டி, தகடு பளபளக்கத் தேய்த்துப் புதுப்பட்டை பூட்டினோம். மீட்டர் 0.2 காட்டிற்று. பட்டையின் விலை, நாம் வீணாக வாங்கிய பேட்டரியின் வரிப்பணத்துக்கும் காணாது. கழற்றிய சாவிச் சுவிட்சு இன்னும் பழுதின்றி அலமாரியில் கிடக்கிறது.

அன்று மாலையே ஓட்டுநரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் வாசலில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டார். அறுந்த பட்டையை அவர் கையில் கொடுத்து, “தம்பி, நீர் சொன்னதே சரி. கேளாமற்போனது நம் குற்றம், பழி சொன்னது அதைவிடப் பெரிய குற்றம்” என்றோம். அவர் பட்டையைப் புரட்டிப் பார்த்தார். நம்மை ஒன்றும் சொல்லவில்லை.

“சோக் கம்பியை மாற்றிவிட்டீர்களா, ஐயா?” என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றோம்.

“அதன் பக்கத்தில்தான் ஹாரன் ஒயர் போகிறது. இத்தனை முறை சுட்டிருக்கிறது, பார்க்காமல் ஓட்டாதீர்கள்.”

வீடு வந்து கம்பியை உருவிப் பார்த்தோம். தடுப்புத் தகட்டை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு மேலுறை உருகி, பக்கத்து ஹாரன் ஒயரோடு ஒட்டிப்போயிருந்தது. அந்த ஒயரின் செம்பு வெளியே தெரிந்தது. திங்கட்கிழமை காலையில் அவரே வந்து இரண்டையும் மாற்றினார். முன்பு வாங்கிய சம்பளத்துக்கு மேல் மாதம் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கேட்டார். கொடுத்தோம்.